சென்னை – சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினால் ஒரு தளம் 3 மணி 45 நிமிடம் என்கிறது. டிக்கெட் பதிவுப் பக்கத்தில் 4 மணி 20 நிமிடம் என்று இருக்கிறது. டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் இரவு 11:30க்குப் புறப்பட்டுக் காலை 6:20க்கு இறங்குகிறது. கழித்தால் 6 மணி 50 நிமிடம். மூன்றும் சரிதான். மூன்றும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன, அவ்வளவே. எது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் ஓரளவு நெருக்கமாக நீங்களே நேரம் சொல்லிவிடலாம். தேவை ஒரு கைபேசி கால்குலேட்டர் மட்டும்.

சென்னை – சிங்கப்பூர் தடத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். கணக்கு எங்கே இடறும் என்பதைக் காட்ட லண்டன், மதுரை, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகியவை நடுநடுவே வரும்.

படி 1: எந்த ஊர் என்பதல்ல, எந்த விமான நிலையம்

தூரம் காட்டும் தளங்கள் பலவும் ஊரின் மையத்திலிருந்து ஊரின் மையத்துக்கு அளக்கின்றன. விமானம் ஊரின் மையத்திலிருந்து புறப்படுவதில்லை. கொழும்பு என்று போட்டால் கோட்டைப் பகுதியைக் காட்டும். விமானம் இறங்குவதோ சுமார் முப்பது கிலோமீட்டர் வடக்கே உள்ள கட்டுநாயக்காவில். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று வரிசையே இருக்கிறது. டோக்கியோவின் நரிதாவும் ஹனேதாவும் ஊரின் இரு வேறு பக்கங்களில் கிடக்கின்றன. மும்பைக்கும் இப்போது நவி மும்பை சேர்ந்துவிட்டது. வானத்தில் இந்த வித்தியாசம் ஓரிரு நிமிடம்தான். தரையில் அது இரண்டு மணி நேரமாகக்கூட ஆகலாம்.

ஆகவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு எம்ஏஏ (மெட்ராஸ் காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது), சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன். ஒரு எச்சரிக்கை: திருச்சிக்கு டிஆர்இசட், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி. அவசரத்தில் பதிவு செய்பவர்கள் கடைசி எழுத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை

கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இரண்டு தசம இடம் போதும். அதிலேயே ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைத்துவிடும்.

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99
லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45

பழைய முறையில் டிகிரி, நிமிடம் என்று கொடுத்திருந்தால் நிமிடத்தை 60ஆல் வகுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். 1 டிகிரி 30 நிமிடம் என்பது 1.30 அல்ல, 1.50. தெற்கும் மேற்கும் வந்தால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும்.

படி 3: தூரம்

முதலில் கையால் போடக்கூடிய எளிய வழி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கிலோமீட்டர். அட்சரேகை வித்தியாசம் 11.63. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்குவதால், இரண்டாவது எண்ணை நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை சுமார் 7.2, அதன் கொசைன் 0.992, பெருக்கினால் 23.63. இனிப் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 11.63இன் வர்க்கத்தையும் 23.63இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 26.34 டிகிரி. 111.2ஆல் பெருக்கினால் 2,929 கிலோமீட்டர்.

இது பூமியைத் தட்டையாக நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இங்கே அது தப்பித்துக்கொள்கிறது, ஏனென்றால் இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இதே வழியில் சென்னை – லண்டனைப் போட்டுப் பாருங்கள்: 8,700 கிலோமீட்டர் வரும். உண்மையான தூரம் 8,234. நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பிழை, அதாவது அரை மணி நேரப் பறப்பு. ஆயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்தால் மட்டும் இந்த எளிய வழியை நம்புங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் உருண்டைக் கணக்குதான் வேண்டும். கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் கால்குலேட்டரில் சைன், கொசைன் பொத்தான்கள் வரும். அது டிகிரி நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் நிலையில் இருந்தால் விடை எங்கோ போய்விடும். அப்புறம் இப்படி:

1. இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள். 0.2248 × 0.0237 = 0.0053.
2. இரண்டு அட்சரேகைகளின் கொசைனையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8912.
3. இரண்டையும் கூட்டுங்கள். 0.8965.
4. இந்த எண்ணுக்குத் தலைகீழ்க் கொசைன் (பொத்தானில் cos⁻¹) எடுங்கள். 26.30 டிகிரி.
5. 111.2ஆல் பெருக்குங்கள். சுமார் 2,924 கிலோமீட்டர்.

விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமென்றால் டிகிரியை 60ஆல் பெருக்கினால் போதும்: 1,578. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

கணினி நிரல்களில் ஹேவர்சைன் என்று ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள். மிகக் குறுகிய தூரத்தில் அது கூடுதல் துல்லியம் தரும்; நமக்கு மேலே சொன்னதே தாராளம். கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளம் இருக்கிறது. இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் தூரத்தையும் கோட்டையும் வரைந்து காட்டிவிடும்.

படி 4: கோடு வேறு, பாதை வேறு

மேலே கிடைத்த 2,924 என்பது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு நூலை இறுக்கி இழுத்துப் பாருங்கள், அந்த நூல்தான் இது. சென்னை – சிங்கப்பூர் நூல் வங்கக் கடலைக் குறுக்காக வெட்டி, கிரேட் நிகோபாரின் தென்முனைக்குச் சற்று தெற்கே தாண்டி, சுமத்ராவின் வடமுனையை உரசி, மலாக்கா நீரிணையில் இறங்குகிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரமும் (நிகோபார்) இலாமுரிதேசமும் (சுமத்ராவின் வடமுனை) இந்தப் பக்கம்தான். ஜன்னல் ஓரம் கிடைத்து, பகல் பயணமாகவும் இருந்து, மேகமும் வழிவிட்டால் இடதுபுறம் கிரேட் நிகோபாரைப் பார்க்கலாம்.

ஆனால் விமானம் நூலின் மேலேயே பறக்காது. புறப்படும் ஓடுபாதை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, குறிக்கப்பட்ட வான்வழித் தடங்களில் சேர்ந்து, இறங்கும் இடத்தில் வரிசையில் நின்று வர வேண்டும். தடையில்லாத கடல்வழிப் பயணத்துக்கு 3 சதவீதம் கூட்டிக்கொண்டால் போதும். சிங்கப்பூருக்கு அது 3,012 கிலோமீட்டர்.

நீண்ட தூரத்தில்தான் இது சூடுபிடிக்கிறது. சென்னை – லண்டன் நூல் மகாராஷ்டிரத்தைக் கடந்து பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கமாக ஏறிப் போகிறது. சரிபாதி வழி எங்கே வருகிறது தெரியுமா? காஸ்பியன் கடலில், பாக்கு நகருக்குத் தெற்கே. முக்கால் வழியில் உக்ரைன் எல்லை. 2022 பிப்ரவரி 24இலிருந்து உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் பறப்பதில்லை. ரஷ்யாவும் அதே மாதம் பிரிட்டிஷ் விமானங்களுக்குக் கதவைச் சாத்தியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்கு வான்வெளியை மூடியது. இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 2019இலும் இப்படிச் சில மாதங்கள் நடந்ததுண்டு. இப்படி ஒரு நாடு கதவை மூடும்போது நகரங்களுக்கிடையே உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறுவதில்லை, பயண நேரம் மட்டும் மாறிவிடுகிறது. தூரக் கணக்குத் தளங்கள் காட்டும் நேரம் தப்பாகப் போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அவை நூலைத்தான் அளக்கின்றன, செய்தித்தாளைப் படிப்பதில்லை. ஐரோப்பா பக்கம் போகும் தடங்களுக்கு 7 சதவீதமாவது கூட்டுங்கள். லண்டனுக்கு அது சுமார் 8,810 கிலோமீட்டர்.

படி 5: தூரத்தை நேரமாக்குவது

இங்கே பலர் செய்யும் தவறு, தூரத்தை 900ஆல் வகுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பது. முதலில் வேகம் எல்லா விமானத்துக்கும் ஒன்றல்ல. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகையறாக்கள் மேலே போய்ச் சமநிலையில் பறக்கும்போது மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 900. இறக்கைகளில் விசிறி சுழலும் ஏடிஆர் 72 சுமார் 500.

இரண்டாவது, அந்த வேகம் பயணம் முழுவதும் இருப்பதில்லை. டெர்மினலை விட்டுப் பின்னுக்குத் தள்ளுவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இருபது நிமிடத்துக்கு மேல் ஏறுவது, அரை மணி நேரம் இறங்குவது, மறுபடி ஊர்வது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இவை எல்லாவற்றையும் சேர்த்தது. சக்கரத்திலிருந்து தடுப்புக் கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரை. விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். முதலில் சொன்ன 3:45க்கும் 4:20க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

நான் பயன்படுத்தும் எளிய விதி: கூட்டிய தூரத்தை வேகத்தால் வகுங்கள், ஜெட் விமானம் என்றால் 40 நிமிடம் சேருங்கள், ஏடிஆர் என்றால் 30.

சிங்கப்பூர்: 3,012 ÷ 830 = 3 மணி 38 நிமிடம். 40 சேர்த்தால் 4 மணி 18 நிமிடம்.

இப்போது சென்னை – மதுரை. பெருவட்டத் தூரம் 417 கிலோமீட்டர். ஜெட்டில் வகுத்தால் அரை மணி நேரம்தான், ஆனால் 40ஐச் சேர்த்தால் 1:10. பாதிக்கு மேல் தரையிலும் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடுகிறது. சென்னை – யாழ்ப்பாணம் பலாலி அதைவிடக் குறைவு, சுமார் 356 கிலோமீட்டர். ஆனால் அங்கே ஏடிஆர் ஓடுகிறது. 43 நிமிடமும் 30ம் சேர்ந்து 1:13. அறுபது கிலோமீட்டர் குறைந்தும் நேரம் குறையவில்லை. இதனால்தான் குறுகிய தடங்களில் தூரத்தைவிட எந்த விமானம் என்ற கேள்விக்கு எடை அதிகம். டிக்கெட் பதிவு செய்யும்போது விமான வகை சின்ன எழுத்தில் இருக்கும், பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அட்டவணையில் நிறுவனங்கள் தாராளமாகப் பத்து, பதினைந்து நிமிடம் கூட்டிப் போடுவதுண்டு. குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்த விழுக்காடு நன்றாகத் தெரிய வேண்டுமே. விமானி மகிழ்ச்சியாக "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிக்கும்போது நான் பெரிதாக வியப்பதில்லை.

படி 6: காற்று

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன என்றால் காற்று. பூமி சுழல்வதால் என்று சிலர் சொல்வார்கள். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்த விளக்கம் நேரடியாகப் பொருந்தாது.

நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் எனப்படும் வேகமான காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுத்து வட இந்தியா வரைக்கும் இறங்கி வரும். லண்டன் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்தால், 8,810ஐ 850ஆல் வகுத்து 40 நிமிடம் சேர்க்க 11 மணி 2 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 950ஆல் வகுக்க வேண்டும்: 9 மணி 56 நிமிடம். போகும்போது பதினொன்று, வரும்போது பத்து.

சிங்கப்பூர்த் தடத்தில் கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. இதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே. இருந்தாலும் அதன் கீழ்ப்பகுதியின் தாக்கம் விமானத்துக்குக் கிடைக்கும். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்தால் 11 நிமிடம் கூடும். திரும்பும்போது ஏறக்குறைய அவ்வளவே குறையும். கீழே தரையில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் அதே நாட்களில் மேலே எதிர்த் திசையில் காற்று ஓடுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கிழக்கு மேற்காகப் போகும் நீண்ட தடத்துக்கு மட்டும் காற்றைச் சேருங்கள். சென்னை – கொழும்பு மாதிரி வடக்கு தெற்காகப் போகும் குறுந்தடத்துக்கு விட்டுவிடலாம்.

படி 7: கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், வந்து சேரும் நேரம் அந்த ஊரின் நேரம். சிங்கப்பூர் இந்தியாவைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால். கிழக்கே போகும்போது டிக்கெட்டில் தெரியும் வித்தியாசத்திலிருந்து அதைக் கழியுங்கள்: 6:50 கழித்தல் 2:30, விடை 4:20. மேற்கே திரும்பும்போது கூட்டுங்கள். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறிச் சென்னையில் 9:45க்கு இறங்கினால் 1:45உடன் 2:30 சேர்த்து 4:15.

தீர்க்கரேகையை வைத்து நேர வித்தியாசத்தை ஊகிக்க வேண்டாம். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 1 மணி 35 நிமிடம்தான் வர வேண்டும். ஆனால் மலேசியாவோடு சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அங்கே காலை ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. முதல் தடவை போகிறவர்கள் குழம்புவது இதனால்தான்.

லண்டனுக்கு இன்னொரு சிக்கல்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்தியாவோடு வித்தியாசம் 4:30, மற்ற மாதங்களில் 5:30.

படி 8: வீட்டு வாசல் முதல் வாசல் வரை

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். தாம்பரத்திலிருந்தோ அண்ணா நகரிலிருந்தோ மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால், அந்தப் பக்கம் குடியேற்றப் பரிசோதனை, பெட்டி, டாக்சி சேர்த்து ஒன்றரை மணி நேரம். 4:20 பயணம் பத்து மணி நேரப் பயணமாகிறது. உள்நாட்டில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக வெட்டும். மதுரைக்கு 1:10 பறந்தாலும் வாசல் முதல் வாசல் வரை நாலரை, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். எழும்பூரில் காலை தேஜஸ் ரயிலில் ஏறினால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதுவும் ஊரின் நடுவில் இறக்கிவிடும். சென்னையின் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

படி 9: நடுவில் இறங்கி மாறுவதாக இருந்தால்

மாற்று விமானத்துக்கு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக 40 நிமிடம் விழும். சென்னை – கொழும்பு 646 கிலோமீட்டர், கொழும்பு – சிங்கப்பூர் சுமார் 2,750; மொத்தம் 3,396. நேர்வழியைவிட 16 சதவீதம்தான் கூடுதல், பெரிய விஷயமில்லை என்று தோன்றும். நேரத்தில் பாருங்கள்: கட்டுநாயக்காவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால்கூட ஏழரை மணி நேரத்தை நெருங்கிவிடும். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக நான் இதை எடுக்க மாட்டேன். பெரிய தொகை குறைந்தால், அல்லது கொழும்பில் இரண்டு நாள் தங்க வேலை இருந்தால், அது வேறு கணக்கு. எடுப்பதானால் இரண்டு துண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பொதுவாகப் போனது போனதுதான்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு

உங்கள் விடையை ஃப்ளைட்ராடார்24 போன்ற தளத்தில் அதே விமான எண்ணின் சென்ற வாரப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். அங்கே உண்மையில் புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் இருக்கும். ஆனால் அது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை. உங்கள் கணக்கோ தடுப்புக் கட்டையிலிருந்து தடுப்புக் கட்டை வரை. ஆகவே உங்கள் எண் இருபது, இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் சரி. அதற்கு மேல் இடித்தால் அந்த விமானம் போன பாதையின் கோட்டைத் திறந்து பாருங்கள். எங்கோ ஒரு மூடிய வான்வெளியைச் சுற்றி அது வளைந்திருக்கும், அல்லது இறங்கும் ஊருக்கு வெளியே வட்டமடித்திருக்கும்.